மீன் குழம்பில் பழப்புளி கசக்கிறது, பாலும் திரைந்துவிடுகிறது

உப்புவெளி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். நான் மணமுடித்து உப்புவெளிக்கு வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. எங்கள் வளவில் நிற்கும் புளியமரம் இம்முறை நன்றாகக் காய்த்திருந்ததால், பங்குனியில் உதிர்ந்த பழங்களை மாமியும் நானும் பொறுக்கிக் கோது உடைத்து, கொட்டையோடே ஒரு வாளியில் போட்டு வைத்தோம். இப்போது மாமி மகளின் பிரசவத்துக்காக மட்டக்களப்புக்குச் சென்றிருப்பதால் சமையல் முழுவதும் என் கையில் இருக்கிறது. ஒரு தேசிக்காயளவு புளியை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, கொட்டையுடன் பிளெண்டரில் அடித்து வடித்தெடுக்கிறேன். பின்னர் அலுமினியச் சட்டியில் புளிக்கரைசலையும் தேங்காய்ப்பாலையும் ஒன்றாக ஊற்றி, தூள் போட்டு, கொதித்ததும் மீனைப் போடுகிறேன். மூன்று முறையும் குழம்பு கறுத்து, பால் திரைந்து, நாக்கில் கசப்பும் துவர்ப்பும் தங்கின. கடைப்புளியில் சமைத்தபோது இப்படிக் கசக்கவில்லை. மரத்தில்தான் குறையா, என் கைப்பக்குவத்தில் குறையா என்று அறிய விரும்புகிறேன்.

திருமலை அன்ரி:
தங்கச்சி, மரத்தில் ஒரு குறையும் இல்லை. பிளெண்டரை முதலில் தள்ளி வையுங்கள். கடைப்புளியில் பெரும்பாலும் கொட்டை நீக்கியிருப்பார்கள். உங்கள் புளியிலோ கொட்டை முழுவதும் இருக்கிறது, அது அலகில் பட்டு உடையும்போது அதன் மேற்தோலின் துவர்ப்பு முழுவதும் கரைசலில் இறங்கிவிடும். புளியைக் கால் மணித்தியாலம் ஊறவைத்து, ஐந்து விரல்களாலும் மெதுவாகப் பிசையுங்கள். சதை நெகிழ்ந்து கொட்டை வழுக்கிக்கொண்டு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் தானாகவே வெளியே வரும். அப்போது தும்பையும் கொட்டையையும் ஒன்றாக எடுத்துவிடலாம். மிச்சத் தும்பில் இன்னொரு கை நீர் விட்டு ஒருமுறை பிழியலாம். மூன்றாம் முறை பிழியவே வேண்டாம், அதில் கசர்தான் வரும்.

அடுத்தது ஒழுங்கு. மண்சட்டியில் வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, புளிக்கரைசலையும் கறித்தூளையும் உப்பையும் சேர்த்து, பாலை விடாமல் தனியே கொதிக்க விடுங்கள். பச்சை வாடை போய்ச் சட்டியின் ஓரத்தில் எண்ணெய் மினுங்கத் தொடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுபவர்களின் குழம்புதான் வாயில் கூசும். பிறகு இரண்டாம் பாலை விட்டு, அது சூடேறியதும் மீனைப் போடுங்கள். மீன் வெந்த பின்பு நெருப்பைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் முதல் குமிழி எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். மீன் போட்ட பின்பு அகப்பை போடக் கூடாது. சட்டியின் காதைத் துணியால் பிடித்து இலேசாகச் சுழற்றினால் போதும்.

கிண்ணியா ஆசிரியர்:
அன்ரி சொன்னவற்றுக்கு விஞ்ஞானப் பாடம் கற்பிப்பவன் என்ற முறையில் சிறிது விளக்கம் சேர்க்கிறேன். பழப்புளியின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் தாத்தாரிக் அமிலம். வினாகிரியின் அமிலத்தைப் போல இது கொதிக்கும்போது ஆவியாகிப் போவதில்லை. எனவே குழம்பு வற்ற வற்ற நீர் மட்டுமே குறைந்து, புளிப்புக் கூடும். பச்சை வாடை போவது வேறு, புளிப்புக் குறைவது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல், புளிப்பு அடங்கும் என்று நெடுநேரம் வற்றவிட்டு ஏமாறுபவர்கள் பலர். புளி கூடிவிட்டால் பாலையோ நீரையோ சேர்ப்பதே வழி.

பால் திரைவதும் இதோடு தொடர்புடையது. தேங்காய்ப்பாலிலுள்ள புரதம் அமிலத்தோடு கடும் வெப்பமும் சேரும்போது திரள்கிறது. முதற்பாலைக் கடைசியில் குறைந்த நெருப்பில் சேர்ப்பதன் பொருள் இதுதான். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கோ இதற்கு நேர்மாறான கவனம் தேவை: புளியை முதலிலேயே ஊற்றினால் காய்கள் மென்மையாகாமல் விறைத்து நிற்கும், ஆகவே அரைப்பதம் வெந்த பின்பே புளி சேர்க்க வேண்டும். அலுமினியச் சட்டியை அமிலம் அரிக்கும் என்பதால் மண், எவர்சில்வர் இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன், சகோதரி. மீனின் வெடுக்கைப் புளி அடக்குவது உண்மை. ஆனால் வெயிலில் கிடந்து பழுதான சூரை மீனில் உருவாகும் ஹிஸ்டமின் எவ்வளவு புளி விட்டாலும், எவ்வளவு கொதித்தாலும் அழியாது. தேகம் சிவந்து தடிப்பதற்கும் தலையிடிக்கும் அது காரணமாகலாம். வெடுக்கு மிஞ்சிய மீனைப் புளியால் காப்பாற்ற முயல வேண்டாம்.

மூதூர்க்காரி:
அன்ரியின் முறையை மதிக்கிறேன், ஆயினும் எல்லா மீனுக்கும் அதுபோல் பால் விட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் வீட்டில் சூரைக்குக் கரைசலைக் கெட்டியாக எடுத்து, மிளகையும் உள்ளியையும் தட்டிப் போட்டுப் பாலில்லாமல் வற்ற வைப்போம். மறுநாள் காலையில் அதன் சுவை இன்னும் ஏறியிருக்கும். பால் பாரைக்கும் விளைமீனுக்கும் பொருந்தும்.

வாளியில் கிடக்கும் புளியையும் கவனியுங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கினால் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். இப்போதே கொட்டையையும் தும்பையும் நீக்கி, மூன்று நான்கு நாட்கள் வெயிலில் காயவைத்து, கிலோவுக்கு நூறு கிராம் கல்லுப்புக் கலந்து பீங்கான் சாடியில் அழுத்தி அடையுங்கள். நாள் செல்ல நிறம் கறுப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். தகர மூடி மட்டும் கூடாது.

உப்புவெளி வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுப் பாரை வாங்கி, கையால் பிசைந்து, மண்சட்டியில் அன்ரி சொன்ன ஒழுங்கிலேயே சமைத்தேன். பால் திரையவில்லை, கசப்பும் அறவே இல்லை. ஆனால் புளிப்புச் சற்று மிஞ்சியிருந்தது. எங்கள் மரத்துப் புளிக்குத் தேசிக்காயளவு அதிகம், நெல்லிக்காயளவு போதும் என்று தெரிகிறது. மாமியின் பழைய ஊறுகாய்ச் சாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இன்று மாலை கொட்டை எடுக்க உட்காரப் போகிறேன்.