கிரேட் பிரனீஸ்: கூப்பிட்டால் வருவதில்லை, இரவெல்லாம் குரைக்கிறது

கேள்வி:
வணக்கம். வளர்ந்த ஆண் கிரேட் பிரனீஸ் இன நாய் ஒன்றைத் தத்தெடுத்திருக்கிறோம். பகலில் தூங்குகிறது, இருட்டியதும் குரைக்க ஆரம்பிக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிதானமாகத் திரும்பிப் பார்க்கிறது, ஆனால் வருவதில்லை. இதைப் பழக்கவே முடியாதா? முடி நிறையக் கொட்டுவதால் மழித்துவிடலாமா என்றும் யோசனை.

வெள்ளைக்காவலன்:
உங்கள் நாய் அதன் வேலையைத்தான் பார்க்கிறது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலைகளில் ஓநாய், கரடியிடமிருந்து ஆடுகளைக் காக்க வளர்த்த இனம் இது. இரவில் மேய்ப்பர் தூங்கிவிடுவார், மந்தைக்கு எது ஆபத்து என்று நாயே முடிவெடுக்க வேண்டும். குரைத்தே விரட்டிவிட்டால் சண்டை போட வேண்டியதில்லை. அப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாயிடம் ஜெர்மன் ஷெப்பர்டின் கீழ்ப்படிதலை எதிர்பார்க்காதீர்கள்.

வாலைக் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது தொங்கும். ஏதாவது கண்ணில் பட்டால் மெல்ல உயர்ந்து முதுகுக்கு மேல் சக்கரம் போல வளையும். எங்கள் வீட்டுப் பெண் நாய் வேலியோரம் அப்படி நின்றால், நான் பக்கத்தில் போய் அது பார்க்கும் திசையையே கொஞ்ச நேரம் பார்ப்பேன். "சரி, பார்த்துட்டேன், வா" என்பேன். வால் இறங்கும், பின்னாலேயே வந்துவிடும். தூரத்திலிருந்து கத்தினால் நாமும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அதற்குப் படும் என்று நினைக்கிறேன்.

இரவில் வீட்டுக்குள் படுக்க வையுங்கள். குரைப்பு குறையும், அடியோடு நிற்காது. அக்கம்பக்கத்தாரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

சீப்பும்கையுமாக:
மழிக்கவே வேண்டாம்! இரண்டு அடுக்கு முடி அது, வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. வாரம் ஒருமுறையாவது அடிமுடி வரை சீவினால் போதும். அப்புறம், பின்னங்கால்களின் உள்பக்கம் இரட்டைக் கூடுதல் விரல்கள் இருக்கும். அவை தரையில் படாததால் நகம் தேயாது, வளைந்து சதைக்குள் இறங்கும். தவறாமல் வெட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் பார்த்தேன், இரட்டை விரல் இருக்கிறது! வேலியில்லாத இடத்தில் கயிறில்லாமல் விடலாமா?

வெள்ளைக்காவலன்:
கூடாது. கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் தன் எல்லை என்று நினைத்து நடந்துகொண்டே இருக்கும். உறுதியான, உயரமான வேலி போடுங்கள்.

இன்னொன்று. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பெரிய, ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.