திரையைப் பெரிதாக்கியும் வேலை மெதுவாகிறது. பார்வை குறைந்துவரும் ஊழியருக்கு எப்படி உதவுவது?

கணக்குப்பிரிவு கேட்டது:

எங்கள் பிரிவில் ஒருவருக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, அதாவது விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் நோய். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, ஓரப்பார்வைதான் சுருங்கிக்கொண்டே வருகிறது. 27 அங்குலத் திரை வாங்கி, மேக்னிஃபையரை (திரையில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) 300 சதவீதத்தில் வைத்துக் கொடுத்தோம். முன்பைவிடச் சிரமம் என்கிறார். அன்றாட வேலை: எக்செல், ஜாவாவில் எழுதிய பழைய கணக்கு மென்பொருள், ஸ்கேன் செய்த பில்கள். வேலை ஆதரவு மையத்தை அணுகுவதற்கு முன் நாங்கள் என்ன செய்து வைக்கலாம்?

பக்கவிளக்கு எழுதியது:

அவர் சொல்வது சரிதான். 300 சதவீதம் என்றால் திரையின் ஒன்பதில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் தெரியும். ஏற்கெனவே குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற பார்வை அவருக்கு, அதனால் அடுத்த கட்டத்தைத் தேடியே நேரம் போய்விடுகிறது. நடுப்பார்வை போய் ஓரம் மிஞ்சும் மாக்குலா சிதைவில்தான் இந்த அளவு பெரிதாக்குவது கைகொடுக்கும். இவருக்குப் படிக்க முடிகிற அளவுக்குச் சற்று மேலே போதும், திரையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்தை முயன்று பாருங்கள். விண்டோஸ் அணுகல் அமைப்பில் சுட்டியையும் எழுத்துக் கர்சரையும் தடிமனாக்கி, தனி நிறம் கொடுங்கள். கர்சரைத் தொலைப்பதுதான் இந்த நிலையில் பெரிய தலைவலி. அறையின் ஜன்னல், கணினித் திரைக்குப் பின்னாலோ அவர் முதுகுக்குப் பின்னாலோ வரக்கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும்.

மருத்துவ அறிக்கையில் பார்வைக்கூர்மை மட்டும் இருந்தால் மையம் ஏமாந்துபோகும். 6/9 என்று, கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும், ஆனால் பார்வைப்புலம் (கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பு) 10 பாகைக்குள் சுருங்கியிருக்கும். பார்வைப்புலச் சோதனை, கான்ட்ராஸ்ட் உணர்திறன் (பின்னணியோடு ஒட்டிய மங்கலானதைப் பிரித்தறியும் திறன்) இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

விசைப்பலகை எழுதியது:

திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரை இப்போதே தொடங்க வேண்டும். பார்வை இருக்கும்போதே பழகினால், காதில் கேட்பதையும் திரையில் இருப்பதையும் ஒப்பிட்டுக் கற்கலாம். அதற்கும் முன்னால், பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழக வேண்டும். ஸ்கிரீன் ரீடர்களில் என்விடிஏ இலவசம். இன்னொன்றான ஜாஸ் உரிமம் இல்லாமல் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

எக்செலில் இணைத்த கட்டங்களை எல்லாம் பிரியுங்கள், அழகுக்காக விட்ட வெற்று வரிசைகளை நீக்குங்கள். தலைப்பு வரிசையின் முதல் கட்டத்தில் நின்று என்விடிஏ விசை, ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பிறகு நெடுவரிசை மாறும்போதெல்லாம் அதன் தலைப்பையும் வாசிக்கும். என்விடிஏ விசை என்பது இன்சர்ட். மடிக்கணினிக்கு கேப்ஸ்லாக்கையும் வைத்துக்கொள்ளலாம்.

ஜாவா மென்பொருள் பேசாமல் இருந்தால் முதலில் ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜைப் பாருங்கள், ஜாவா மென்பொருளை ஸ்கிரீன் ரீடரோடு இணைப்பது அதுதான். ஜாவாவோடு வரும் ஜேஏபிஸ்விட்ச் என்ற நிரலை 'எனேபிள்' என்று கொடுத்து இயக்கிவிட்டு, என்விடிஏவையும் மென்பொருளையும் மூடித் திறங்கள். அப்போதும் வெறும் "பட்டன், பட்டன்" என்றே வாசித்தால், பொத்தான்களுக்குப் பெயரே வைக்கப்படவில்லை. அதைத் தயாரித்தவர்தான் திருத்த வேண்டும். சுட்டியைக் கழற்றிவிட்டு ஒரு வவுச்சரைத் தொடக்கம் முதல் சேமிப்பு வரை போட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் நிற்கிறது என்று குறியுங்கள். மையத்திடம் தர அந்தக் குறிப்பே மிகவும் உதவும்.

ஸ்கேன் பில் ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் படம். என்விடிஏ விசையையும் ஆர் (R) விசையையும் சேர்த்து அழுத்தினால், படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் விண்டோஸ் ஓசிஆர் படிக்கும். ஆனால் 3 சில சமயம் 8 ஆகும், தசமப் புள்ளி காணாமல் போகும். கூட்டுத்தொகையைச் சரிபார்க்காமல் எதையும் பதிவு செய்யக்கூடாது. பில் அனுப்புபவர்களிடமே எழுத்து வடிவ பிடிஎஃப் கேட்பது நல்லது.

கணக்குப்பிரிவு எழுதியது:

நன்றி. அந்த ஜாவா மென்பொருள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது வேறொரு கணினியில் (சர்வரில்) ஓடி, இங்கே திரை மட்டும் தெரிகிறது. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

விசைப்பலகை எழுதியது:

வரும். அவர் கணினியில் இருக்கும் ஸ்கிரீன் ரீடருக்கு அந்தச் சாளரம் முழுவதும் ஒரே படம். சர்வரிலும் என்விடிஏ நிறுவி, ரிமோட் இணைப்பின் ஒலியை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். ஒலி தாமதமாக வந்தால் 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏவுக்குள்ளேயே இருக்கும் ரிமோட் அணுகலைப் பயன்படுத்தலாம். பேச்சு இந்தக் கணினியிலேயே உருவாகும். இரண்டுக்கும் ஐடி பிரிவின் அனுமதி வேண்டும், இன்றே கேட்டுவிடுங்கள்.

நடைபாதை எழுதியது:

மென்பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். மையத்தில் நடமாட்டப் பயிற்சியாளர் இருந்தால், வாசல், இருக்கை, கழிப்பறை, அவசர வழி நான்கையும் வெண்கோலுடன் பழக்கச் சொல்லுங்கள். இந்த நோயில் மங்கிய வெளிச்சத்தில் பார்வை இன்னும் மோசமாகும், ஆகவே பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும் அல்லது மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு ஓரப்பார்வை இல்லாதவர் கண்ணில் படாது, நேராக நெற்றியில் இடிக்கும். குப்பைத்தொட்டி, இழுப்பறை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும்.

பழகும் மாதங்களில் வேலைப்பளுவைக் குறைத்து, அதை எழுத்தில் கொடுங்கள். நாள் முழுக்கக் கேட்டே வேலை செய்வது ஆரம்பத்தில் மிகவும் களைப்பாக்கும். அந்த வேகத்தை வைத்து அவர் திறமையை எடைபோடுவது அநியாயம்.