அப்டேட்: ரெண்டு பிராசஸர் மெஷினா, ஒத்த பிராசஸரா?

போன வாரம் கேட்டிருந்தேன்ல, மஞ்சக்குப்பத்துல நம்ம ஸ்டுடியோவுக்கு கல்யாண வீடியோ எடிட் பண்ண பழைய ரெண்டு பிராசஸர் ஒர்க்ஸ்டேஷன் வாங்கலாமா, இல்ல ஒரே பிராசஸர் உள்ள புதுசு வாங்கலாமான்னு. பாண்டிச்சேரில எங்க மாமாகிட்ட ரெண்டுமே இருக்கு, ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போய் ஒரே ப்ராஜெக்ட்ட ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துட்டேன்.

எக்ஸ்போர்ட்ல (முடிச்ச வீடியோவ ஃபைலா எடுக்கறதுல) பழசு தான் முன்னாடி போச்சு, ஏன்னா அந்த வேலைய எல்லா கோரும் (பிராசஸருக்குள்ள தனித்தனியா கணக்கு போடற பகுதி) பங்கு போட்டுக்கலாம், ஆனா டைம்லைன்ல கட் பண்றது, டைட்டில் நகத்துறதுன்னு வந்தா புதுசு தான் சட்டுசட்டுன்னு கேக்குது, அங்க ஒரு கோர் எவ்ளோ வேகம்ங்கிறது தான் கணக்கு.

1967ல ஜீன் அம்டால்ங்கற கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் சொன்னது இதத்தான். வேலைல 10 சதவீதம் பிரிக்க முடியாததுன்னா, அவரு பேர்ல இருக்கற விதிப்படி 8 கோர் போட்டா கிட்டத்தட்ட 4.7 மடங்கு வேகம் தான், ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கத் தாண்டாது. இது போக ரெண்டு பிராசஸர் மெஷின்ல ஒவ்வொரு பிராசஸருக்கும் அது பக்கத்துல தனி ராம், அடுத்ததோட ராம்ல இருக்கறத எடுக்கணும்னா நடுவுல உள்ள லிங்க்க தாண்டிப் போகணும், அதுல வேற லேட்டு.

எனக்கு பகல் முழுக்க எடிட் தான், எக்ஸ்போர்ட்ட ராத்திரி போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அதனால புதுசுக்கே அட்வான்ஸ் குடுத்துட்டேன். பதில் சொன்ன அண்ணனுங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி.