ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

அக்கா தங்கைகளே, எனக்கு 51, காட்பாடி. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. வேலூர் வெயில் போதாதென்று கழுத்திலிருந்து குபீரென்று அனல் ஏறுகிறது, ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணை உறையைப் பிழியலாம். கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், 60 வயதுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம், எலும்புக்கும் நல்லது என்கிறார் டாக்டர். சரி, ஆனால் 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வில் இப்படிச் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடியதைப் படித்ததிலிருந்து பயம். என் சித்திக்கு அது வந்தது (டாக்டரிடம் சொல்லவே மறந்துவிட்டேன், அடுத்த வாரம் முதலில் அதைத்தான் சொல்லணும்). மாத்திரையைவிட, தோலில் ஒட்டும் பேட்ச்சில் ரத்தம் உறையும் ஆபத்து குறைவாமே, இங்கே எந்த மருந்துக்கடையில் கிடைக்கும்? எடுத்தவர்கள், எத்தனை நாளில் அனல் அடங்கியது?