ஓடிக்கொண்டிருந்த கார் மொத்தமாக அணைந்துவிட்டது. இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தான் காரணமா?

கேள்வி:
நேற்று ராத்திரி திண்டிவனம் தாண்டும்போது ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. ரெண்டு நிமிஷத்தில் எல்லாம் இருட்டு. பின் சீட்டில் அம்மா, பக்கத்தில் லாரிகள். பயந்துவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும். பேட்டரி வாங்கி எட்டு மாசம்தான். மெக்கானிக் இசிஎம் போச்சு என்கிறார்.

பதில்:
இசிஎம்மில் இப்போ கை வைக்காதீங்க. எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் இறங்கியதுதான். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். சார்ஜ் ஏத்தி ஓடவிட்டால் 14 பக்கம் வரணும். வரலேன்னா ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது), அதோட பெல்ட், பெரிய ஃப்யூஸ் எல்லாம் பாருங்க.

பதில்:
எர்த் வயரையும் பாருங்க. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கிற பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம் சார். வோல்டேஜ் எகிறி நிஜமாகவே இசிஎம் போயிடும்.

கேட்டவர்:
பார்த்தேன். ஓய்வில் 11.4. சார்ஜ் ஏத்தி ஓடவிட்டும் 12.1, அதுவும் இறங்கிக்கொண்டே போச்சு. ஆல்டர்னேட்டர் பின்னால் பாசிட்டிவ் வயர் நட்டு லூசாகி, வயர் முனையில் இருக்கிற உலோக வளையம் (லக்) கருகியிருந்தது. புது லக் போட்டு இறுக்கினதும் 14.2. ரொம்ப நன்றிங்க.