மறு: வெளிச்சுவர்ப் பாசி - ‘பாசிபிடியா’ சரிவருமா?

> ‘பாசிக்கொல்லிப் பூச்சு’ என்றே முடித்துவிடலாமே. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் பழகின சொல்தானே.

பழகின சொல்தான் அண்ணாச்சி, மறுக்கவில்லை. ஆனால் ‘கொல்லி’யை ஏற்கெனவே படர்ந்ததைச் சாகடிக்கும் சரக்குக்கு ஒதுக்கிவிடுவோம். தட்டட்டியில் (மொட்டைமாடியில்) பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் துடைப்பத்தால் தேய்க்கிறோமே, அது பாசிக்கொல்லி. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) அந்த வகைதான். நாம் பெயர் தேடுவது பாசியை ஒட்டவே விடாத ஏற்பாட்டுக்கு. அது பூச்சாகவும் இருக்கலாம், கட்டுகிற முறையாகவும் இருக்கலாம்.

சுண்ணாம்பையே பாருங்கள். புதிதாக அடித்த சுண்ணாம்பின் பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரத்தில் பாசி பிழைக்காது. போகப் போகக் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து அது சுண்ணாம்புக்கல்லாக இறுகும், காரம் இறங்கும், சுவரில் பச்சை தட்டும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிற வீட்டில் காரம் மறுபடி ஏறிவிடுகிறது.

இன்னொன்று, சன்ஷேடு. அதன் அடிப்பக்கத்தில், வெளி ஓரத்தை ஒட்டி விரல் கனத்துக்கு ஒரு காடி (நீளப் பள்ளம்) விட்டால், மழைத்தண்ணீர் சுவர்ப்பக்கம் நகராமல் அங்கேயே சொட்டிவிடும். காடி விடாத வீடுகளைத் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் பார்க்க வேண்டும்: சன்ஷேடுக்குக் கீழே கறுப்பாக வழிந்த தடம், அதிலும் வெயில் படாத சுவரில் மோசம். காடி எதைக் கொல்கிறது? ஒன்றையும் இல்லை. சுவரை ஈரமாகாமல் வைக்கிறது, அவ்வளவுதான்.

> ஆனால் பெயிண்டில் கலப்பது விஷம்தானே?

சில பெயிண்டுகளில் அப்படித்தான். டையூரான், டெர்புட்ரின் இரண்டும் வயலுக்கு அடிக்கிற களைக்கொல்லிகள். ஒளிச்சேர்க்கையைத் தடுப்பதால் பாசிக்கும் ஆகாது. பூஞ்சைக்கு ஒளிச்சேர்க்கை கிடையாதே, அதனால் அதற்கென்று கார்பென்டசிம் மாதிரி வேறொன்றையும் சேர்ப்பார்கள். இவையெல்லாம் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். அப்படிக் கரைவதால்தான் வேலையே செய்கின்றன. கரைந்து தீர்ந்தபின் பழைய கதை. போகிற இடம் வாறுகால், அப்புறம் வாய்க்கால். இந்தச் சரக்குக்குப் பாசிக்கொல்லி என்றே பெயர் இருக்கட்டும், டப்பாவின் மேல் அந்தச் சொல் தெரிவதும் நல்லதுதான்.

> கறுப்பாகப் படிவது பாசியே இல்லை, பாக்டீரியா. ‘நுண்ணுயிர்த் தடுப்பு’ என்பதே அறிவியல்.

கறுப்பில் பெரும்பகுதி சயனோபாக்டீரியா, உண்மை. கோடையில் காய்ந்து செத்தது போலக் கிடக்கும், ஒரு மழைக்கு உயிர் வந்துவிடும். அதைப் பள்ளிப் பாடத்திலேயே நீலப்பச்சைப் பாசி என்றுதானே படித்தோம்? மலையடிவாரச் சுவர்களில் காவிநிறத்தில் படர்கிற டிரென்டிபோலியாவோ பச்சைப்பாசி இனம், நிறம்தான் ஏமாற்றும். பிரியாணிக்குப் போடும் கல்பாசி ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது. நம் ‘பாசி’ இத்தனையையும் முன்பே உள்ளே வைத்திருக்கிறது. ‘பாத்து வாங்க, பாசி பிடிச்சிருக்குல்லா’ என்று எச்சரிக்கிறவர் அது ஆல்காவா பாக்டீரியாவா என்று பார்த்துச் சொல்வதில்லை. ‘நுண்ணுயிர்த் தடுப்பு’ என்றால் பெயிண்ட் கடைக்காரர் மருந்துக்கடைக்குக் கைகாட்டுவார்.

ஆகவே என் பரிந்துரை ‘பாசிபிடியா’. துருப்பிடியாக் கம்பி என்கிறோமே, அதே வார்ப்பு. பாசிபிடியாப் பூச்சு, பாசிபிடியாச் சுவர், தன்மையைச் சொல்லப் பாசிபிடியாமை. (பாசிக்கும் பிடியாவுக்கும் நடுவே ‘ப்’ வேண்டாம், பாசி பிடித்த சுவர் என்று ஒற்று இல்லாமல்தான் எழுதுகிறோம்.) சுண்ணாம்பு, காடி, மருந்து கலந்த பெயிண்ட் மூன்றும் இதற்குள் அடங்கும்.

‘உயிர்ப்படலத் தடுப்பு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். குடிநீர்க் குழாய்க்குள் படியும் வழவழப்புக்கு அது பொருந்தும், அங்கேயே விடலாம். குளியலறை மூலையில் வரும் பூஞ்சைக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘பூஞ்சைபிடியா’ என்றால் வாயில் சிக்குகிறது. ‘பூசணம் பிடியா’ எப்படி?