கச்சான் விற்ற பையனிடம் ஒரு பொய் – உங்களுக்கும் இப்படி நடந்ததா?

மாமாங்கத்தான்:
மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரை, போன ஞாயிறு பின்னேரம். கச்சான் கூடையோடு ஒரு பையன், பத்துப் பதினொரு வயதிருக்கும். மூன்று சுருள் வாங்கி ஆயிரம் ரூபாத் தாள் நீட்டினேன். நான் கணக்குப் பார்க்குமுன் மிச்சக் காசு கையில். எத்தனையாம் ஆண்டு என்றேன். "மூணோட நிப்பாட்டிட்டன் அண்ணே." அப்புறம் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டி, "அதில என்ன எழுதிக் கிடக்கு?" என்றான்.

'இங்கு வியாபாரம் செய்யத் தடை.'

"குப்பை போடக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டேன். உடனே குனிந்து, காலடியில் கிடந்த கச்சான் கோதையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டான். நான் போட்ட கோதையும் சேர்த்து.

படுவான்கரை ரீச்சர்:
பாலைப்பழக் காலம் வந்தால் என் வகுப்பில் கடைசி வாங்கு காலி. இடாப்பில் 'சுகவீனம்' என்று போட்டுவிடுவேன். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கிறேன், ரோட்டோரம் எங்கள் வகுப்புப் பிள்ளை, வாளியும் சுண்டுமாக. கண்டதும் வாளிக்குப் பின்னால் பதுங்கினான். பஸ் வெளிக்கிடும்போது ஓடிவந்து ஜன்னலால் ஒரு பையைத் திணித்தான். "காசு வேணாம் ரீச்சர். என்ட பேர வெட்டிப்போடாதிங்க." வீடு போகும்வரை விரலெல்லாம் பழப்பால் பிசுபிசுத்தது. தின்னவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

ஏறாவூர் மச்சான்:
இரண்டு பேரும் கவலைப்பட்டு என்ன? மாமாங்கத்தான், பொய் சொன்ன நேரத்துக்கு சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். 2016இலிருந்து 5 முதல் 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். 2021இல் வேலைக்கு வைக்கும் குறைந்த வயதையும் 14இலிருந்து 16 ஆக்கிவிட்டார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு தாய் தகப்பனோடு போய்க் கதையுங்கள். பாடப்புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம். ரீச்சர், நீங்கள் 'சுகவீனம்' போட்டால் அவன் வராதது யார் கண்ணில் படும்? சரி, என் அனுபவம்: பாசிக்குடாவில் ஒரு பிள்ளையிடம் சிப்பி மாலை வாங்கினேன். பேரம் பேசித்தான்.

வாழைச்சேனைக்காரி:
பேரம் பேசிவிட்டு எங்களுக்குச் சட்டம் படிப்பிக்கிறீர்களா? படிப்பு 1945இலிருந்து இலவசம்தான். சப்பாத்து, கொப்பி, பஸ் காசு? 2022இல் கொப்பி விலை எகிறினபோது மகனுடைய பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கழற்றித் தைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தேன். இரண்டு கிழமை போனான். பிறகு தகப்பனோடு வள்ளத்தில்.

மாமாங்கத்தான்:
நேற்றும் கல்லடிக்குப் போனேன். பையன் இருக்கிறான், ஆனால் பலகையிலிருந்து ஐம்பதடி தள்ளி. யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். என்னைக் கண்டும் 'அண்ணே' என்று கூப்பிடவில்லை. "எத்தின சுருள்?" என்று மட்டும் கேட்டான்.